மறைந்த சவாரிகளுக்கு மறைவாக வைத்த நினைவுக்குறிகள்: நீங்கள் கண்டவை எவை?

பகுதி: ஊர்சுற்றல்
இழையைத் தொடங்கியவர்: கடலோர_ரயில் (வெள்ளவத்தை)

கடலோர_ரயில் எழுதியது:

அக்கா புளோரிடாவில் குடியேறிப் பதினொரு வருடமாகிறது. "வா, வா" என்று அவள் அழைப்பதும், விசாவுக்கு நான் வரிசையில் நிற்பதும், வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்து, ஒருவழியாக இந்த ஓகஸ்ட்டில் போய் வந்துவிட்டேன். ஓர்லாண்டோ வரை போய் டிஸ்னியின் மஜிக் கிங்டம் பூங்காவைப் பார்க்காமல் வந்தால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். எனவே மருமகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு ஐந்து வயது. எனக்கோ வரிசையில் நிற்பதில் முப்பது வருட அனுபவம். இருவருக்கும் நன்றாகவே பொருந்திப் போயிற்று.

வின்னி த பூ என்ற கரடியின் சவாரியில் தேன்பானை போன்ற ஒரு வண்டியில் உட்கார வைத்துக் கதைக்குள்ளே இழுத்துப் போகிறார்கள். காற்றடித்து ஆந்தையாரின் வீடு சரிந்து கிடக்கும் அறை வந்தது. நான் கூரை விழுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, அந்தத் தவளை ஏன் உடுப்புப் போட்டிருக்கிறது?" என்று கேட்டான். இடப்பக்கச் சுவரில் சட்டம் போட்ட ஒரு படம். தேரைக் கனவான் ஒருவர் ஆந்தையிடம் ஏதோ கடுதாசியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். பதில் யோசிப்பதற்குள் வண்டி அடுத்த அறைக்குத் திரும்பிவிட்டது.

அன்றிரவு தேடிப் பார்த்தேன். அதே இடத்தில் 1971 முதல் மிஸ்டர் டோட் என்ற தேரையாரின் சவாரி ஓடியிருக்கிறது. 1998 செப்டெம்பர் 7 அன்று அதை மூடினார்கள். 1999 ஜூனில் பூக் கரடி குடிவந்தது. தேரையார் நீட்டிக்கொண்டிருந்தது அந்த இடத்தின் உறுதி. காணி உறுதியேதான்! காணி வழக்குகளின் கதையைக் கேட்டே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. பழைய உரிமைக்காரர் மனமொப்பி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று புதியவரின் வீட்டுச் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்படி, போன சவாரியை நினைத்து வந்த சவாரிக்குள் ஒளித்து வைத்தவை வேறு என்னென்ன? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்.

சும்மா_வாசகன் எழுதியது:

உறுதி முடித்த நொத்தாரிசு யார்? சாட்சிகள் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்களா? இல்லையென்றால் அந்தத் தேரை நாளைக்கே வந்து வழக்குப் போடும்.

பனிக்கால_ரொறன்ரோ எழுதியது:

சாட்சியில் ஒருவர் அங்கேயே இருக்கிறார், தம்பி. அதே அறையில் வலப்பக்கம், தரையில் விழுந்து கிடக்கும் படங்களைப் பார்த்திருக்க வேண்டும். தேரையாரின் நண்பரான அகழெலியார் பூக் கரடியோடு நிற்கும் படம் ஒன்று அங்கே கிடக்கும். இடப்பக்கம் பார்த்தால் வலப்பக்கம் தப்பிவிடும். நான் மூன்றாவது தடவையில்தான் பிடித்தேன்.

இங்கிருந்து ஓர்லாண்டோவுக்கு ஒரே விமானத்தில் போய்விடலாம். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்த காலத்தில் குளிர்காலம் வந்தால் அங்கேதான் ஓடுவோம். இப்போது அவர்கள் வளர்ந்துவிட்டார்கள். நானும் மனைவியும் மட்டும் வெட்கமில்லாமல் போய் வருகிறோம்.

தேரைச் சவாரி சாதுவாக மூடப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூடப்போகிறார்கள் என்று செய்தி பரவியதும் இரசிகர்கள் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்று எதிர்ப்புக் காட்டினார்கள். அந்தச் சவாரியின் முடிவு அப்படிப்பட்டது: வண்டி ரயிலோடு மோதும், நீங்கள் நேரே நரகத்துக்குப் போவீர்கள், கொம்பு வைத்த குட்டிச் சாத்தான்கள் துள்ளும். சிறுபிள்ளைகளின் சவாரி இப்படி முடிவதற்கு இன்று எந்தக் கம்பனி சம்மதிக்கும்? ஆகவே தேரையாருக்கு இன்னொரு நினைவுக்குறியும் வைத்தார்கள். ஹோண்டட் மேன்ஷன் என்ற பேய் வீட்டுச் சவாரியை விட்டு வெளியே வரும்போது, குன்றின் மேல் செல்லப் பிராணிகளின் கல்லறைத் தோட்டம் ஒன்று தெரியும். அதன் பின்மூலையில் தேரையாரின் சிலை நிற்கிறது. உறுதி எழுதிக் கொடுத்தவர் கடைசியில் எங்கே போனார் என்பதற்கு அதுதான் பதில்.

கலிபோர்னியா டிஸ்னிலாண்டில் அதே தேரை இன்றும் உயிரோடு வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறது. ஒரே ஆள், ஒரு கரையில் சிலை, மறு கரையில் சாரதி.

கொட்டாஞ்சேனைப்_பேத்தி எழுதியது:

கல்லறைத் தோட்டம்வரை கொண்டுபோய்விட்டீர்களே, அண்ணா. வேறு சொல்லுங்கள். நான் சிங்கப்பூரைத் தாண்டிப் போனதில்லை. வாசித்தாவது வைக்கிறேன்.

பனிக்கால_ரொறன்ரோ எழுதியது:

கேட்டுவிட்டீர்கள், இனி நிறுத்தமாட்டேன்.

அதே மஜிக் கிங்டமில் ஒரு நீர்மூழ்கிச் சவாரி இருந்தது. 1971 இல் தொடங்கி 1994 இல் நின்றுபோனது. உண்மையில் அந்தக் கப்பல் மூழ்காது. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு போகும், யன்னலுக்கு வெளியே குமிழிகளை விட்டு மூழ்குவதாக நம்ப வைப்பார்கள். அந்தக் குளத்தைத் தூர்த்து, அந்தப் பக்கத்தில் 2012 இல் லிட்டில் மெர்மெய்ட் சவாரியைத் திறந்தார்கள். அதன் வரிசை பாறைகளுக்கு நடுவே வளைந்து போகும். ஓரிடத்தில் பாறையின் மேடுபள்ளமே அந்தப் பழைய நீர்மூழ்கியான நோட்டிலஸ் கப்பலின் உருவமாக இருக்கும். கூரிய மூக்கு, முதுகுப் பல்வரிசை, எல்லாம். சொல்லிக் காட்டினால்தான் தெரியும். தெரிந்துவிட்டால் பிறகு அது பாறையாகத் தெரியவே தெரியாது.

ஓர்லாண்டோவின் இன்னொரு பூங்காவான யூனிவர்சலில் இந்த விளையாட்டு இன்னும் வேடிக்கை. கிங் கொங் சவாரி 1990 இல் இருந்து 2002 வரை. அந்தக் கட்டடத்துக்குள் 2004 இல் மம்மி சவாரி வந்தது. மம்மியின் புதையல் அறையில் தங்கக் குவியலுக்கு நடுவே சின்னதாக ஒரு தங்கக் கொங் சிலை. எகிப்தியருக்குக் கொரில்லா எப்படிக் கிடைத்தது என்று கேட்கக் கூடாது. ஜோஸ் திரைப்படத்தை வைத்துச் செய்த சுறாச் சவாரி 2012 ஜனவரி 2 அன்று முடிந்து, 2014 இல் அங்கே ஹரி பொட்டரின் டயகன் சந்து எழும்பியது. அதன் முகப்பில் இலண்டன் தெரு போலக் கட்டியிருக்கிறார்கள். இசைத்தட்டுக் கடையின் யன்னலில் எட்டிப் பார்த்தால், சுறா வேட்டைக்காரர் குவின்டின் பெயரைச் சூட்டிக்கொண்ட மூவர் குழுவின் இசைத்தட்டு. படத்தில் அவர் கோப்பையைத் தூக்கிச் சொல்லும் வாழ்த்துத்தான் அதன் தலைப்பு. மந்திரவாதிகளைப் பார்க்க வந்த கூட்டம் அந்த யன்னலைக் கடந்து ஓடும். நாலைந்து பேர் மட்டும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொள்வோம்.

திருகாணி எழுதியது:

வணக்கம். நான் வழக்கமாக வாசித்துவிட்டுப் போய்விடுபவன். இந்த இழையைப் பார்த்த பிறகு கை சும்மா இருக்கவில்லை.

முப்பத்திரண்டு வருடம் ஃபிட்டராக வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நினைவுக்குறி என்று இரசிகர்கள் கொண்டாடுவதில் பாதி, களஞ்சியத்தில் கிடந்த சாமானைத் திரும்பப் பயன்படுத்தியது. டிஸ்னிலாண்டில் அமெரிக்கா சிங்ஸ் என்றொரு காட்சி இருந்தது. 1974 இல் தொடங்கி 1988 வரை விலங்குப் பொம்மைகள் பாடும். பொம்மை என்றால் நம் கடைப் பொம்மையல்ல, உள்ளே இயந்திரம் வைத்து வாயும் கையும் அசைபவை. அந்தக் கூட்டத்தைத்தான் 1989 இல் ஸ்பிளாஷ் மவுண்டனுக்கு அப்படியே தூக்கிப் போனார்கள். அதற்கும் முன்னால், 1987 இல் ஸ்டார் டூர்ஸ் என்ற விண்வெளிச் சவாரி திறந்தபோது, பாடிக்கொண்டிருந்த வாத்துகள் இரண்டைக் கழற்றி, இறகையும் தோலையும் உரித்துவிட்டு, மிஞ்சிய இரும்புக் கூட்டை இயந்திர மனிதர்கள் என்று வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் நிறுத்தினார்கள். இதை அஞ்சலி என்பீர்களா? கோழியை உரித்துக் கறி வைத்துவிட்டுக் கோழிக்கு அஞ்சலி என்பது போல இருக்கிறது.

என் அளவுகோல் இது. அந்தப் பொருளை எடுத்துவிட்டால் புதிய சவாரிக்கு ஏதாவது குறைகிறதா? குறைந்தால் அது உதிரிப்பாகம். ஒன்றுமே குறையாவிட்டால், யாரோ ஒருவர் மெனக்கெட்டு, மேலதிகாரியிடம் பேச்சு வாங்கி, வைத்திருக்கிறார். அதுதான் நினைவுக்குறி.

சும்மா_வாசகன் எழுதியது:

ஐயா, அந்த வாத்துகளுக்குக் கறி ஆனபிறகும் வேலை கிடைத்தது. எங்கள் அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

கடலோர_ரயில் எழுதியது:

திருகாணி ஐயாவின் அளவுகோலை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தேரையாரின் படம் தேறுகிறது. தங்கக் கொங் தேறுகிறது. செவன் டுவார்ஃப்ஸ் சுரங்க ரயிலில் (2014) கடைசியாக வரும் குடிசைக்குள் ஆடும் குள்ளர் பொம்மைகள் சில, 2012 இல் மூடிய ஸ்னோ வைட் சவாரியிலிருந்து வந்தவை. எடுத்துவிட்டால் குடிசை காலியாகிவிடும். ஆகவே உதிரிப்பாகம். ஆனால் அக்கா அந்தக் குடிசையைப் பார்த்துக் கண் கலங்கினாளே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

திருகாணி எழுதியது:

கண் கலங்குவது பார்ப்பவர் கணக்கு, தம்பி. நான் வைத்தவர் கணக்கைப் பற்றிப் பேசுகிறேன்.

பனிக்கால_ரொறன்ரோ எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் ஸ்டார் டூர்ஸை அவர் முழுதாகச் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் முன்பு இருந்தது அட்வென்ச்சர் த்ரூ இன்னர் ஸ்பேஸ். 1967 முதல் 1985 வரை. பிரமாண்டமான நுண்காட்டி ஒன்று வாசலில் நிற்கும். சிறு வண்டிகள் ஒவ்வொன்றாக அதற்குள் போகும். வரிசையில் நிற்பவர் நுண்காட்டியின் குழாயைப் பார்த்தால், போனவர்கள் விரலளவுக்குச் சுருங்கி உள்ளே நகர்வது தெரியும். அடுத்தது நீங்கள்! பிறகு அணுவுக்குள் போய்விட்டு வருவீர்கள்.

ஸ்டார் டூர்ஸின் பழைய படத்தில், விண்கலம் புறப்பட்ட உடனேயே தவறான பாதையில் விழுந்து பணிமனைக்குள் பாய்கிறதல்லவா? அந்தப் பணிமனையின் ஓரத்தில் அதே நுண்காட்டி நிற்கும். ஒரு கணம்தான். எடுத்துவிட்டால் சவாரிக்கு ஒன்றும் குறையாது. ஐயாவின் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. ஆனால் 2011 இல் அந்தப் படத்தையே மாற்றிப் புதிய படம் போட்டார்கள். அந்தக் காட்சியும் படத்தோடு போய்விட்டது. நினைவுக்குறிக்கு நினைவுக்குறி வைக்க இனி யார் வருவார்கள்?

நிலாக்கால_வாசிப்பு எழுதியது:

நான் ஒன்று சேர்க்கிறேன். டிஸ்னியின் இன்னொரு பூங்காவான எப்கொட்டில் ஹொரைசன்ஸ் என்ற சவாரி, 1983 முதல் 1999 வரை. எதிர்காலத்தில் மனிதர் கடலடியிலும் பாலைவனத்திலும் விண்வெளியிலும் வாழ்வதைக் காட்டும். பாலைவனத் தோட்டத்துக்கு வரும்போது தோடம்பழ வாசம் வீசும். அந்த வாசத்தைத்தான், திரைக்கு முன்னால் பறப்பதாக நம்ப வைக்கும் சோரின் சவாரியில் நினைவுக்குறியாக வைத்தார்கள் என்று எங்கோ வாசித்தேன். கண்ணால் பார்ப்பதை விட மூக்கால் நினைப்பது எவ்வளவு அழகு!

பனிக்கால_ரொறன்ரோ எழுதியது:

அழகுதான், ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. சோரின் முதலில் 2001 இல் கலிபோர்னியாவில் திறந்தது. கலிபோர்னியாவின் தோடம்பழத் தோட்டங்களுக்கு மேலே பறக்கும்போது தோடம்பழம் மணக்காமல் கருவாடா மணக்கும்? படத்துக்குத் தேவையான வாசம் அது. ஹொரைசன்ஸ் இரசிகர்களுக்கு மூக்கு அரித்தது என்பது உண்மை. வைத்தவர் அதற்காக வைத்தார் என்று நான் எழுதமாட்டேன்.

ஹொரைசன்ஸுக்கு உண்மையான நினைவுக்குறி வேறு இருக்கிறது. அந்தக் கட்டடத்தை இடித்து 2003 இல் மிஷன் ஸ்பேஸ் வந்தது. வரிசையில் போகும்போது பெரிய சக்கரம் ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். அதன் நடுவில் ஹொரைசன்ஸின் சின்னம். அச்சாணியில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

திருகாணி எழுதியது:

அச்சாணியில் வைத்தவன் என் சாதி.

மட்டுறுத்துநர் எழுதியது:

தொழிலைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறு பக்கம் திருப்ப வேண்டாம்.

திருகாணி எழுதியது:

தொழிலைத்தான் சொன்னேன், ஐயா.

கடலோர_ரயில் எழுதியது:

திரும்பிப் பார்க்க வேண்டிய ஒன்றும் உண்டு. டிஸ்னிலாண்டின் பூ சவாரி 2003 இல் வந்தது. முன்பு அங்கே பாடும் கரடிகளின் மண்டபம். அதில் சுவரில் மாட்டிய மூன்று விலங்குத் தலைகள் பேசும்: ஒரு எருமை, ஒரு மூஸ் மான், ஒரு மான். பூ சவாரியில் கனவுக் காட்சி முடிந்து அடுத்த பகுதிக்குள் நுழைந்த உடனே கழுத்தைப் பின்னால் திருப்பினால், வந்த வழியின் மேலே அந்த மூன்று தலைகளும் இருட்டில் இருக்கின்றன. எல்லாரும் முன்னால் பார்க்கிற இடத்தில் பின்னால் பார்ப்பவனுக்கு மட்டும் என்று வைத்த மனிதரை எனக்குக் கும்பிட வேண்டும் போல இருக்கிறது.

மேட்டர்ஹோர்ன் பனிமலைச் சவாரியையும் விட்டுவிடக் கூடாது. 1994 வரை அந்த மலையைத் துளைத்துக்கொண்டு தொங்குவண்டிகள் போய் வந்தன. 2015 இல் மலைக்குள் இருக்கும் பனிமனிதனைப் புதுப்பித்தபோது, அவன் பிடுங்கிச் சேர்த்து வைத்த குவியலில் நசுங்கிய தொங்குவண்டி ஒன்றையும் போட்டிருக்கிறார்கள். ஏன் சேவை நின்றது என்று இனி யாரும் கேட்க வேண்டாம், பனிமனிதன் தின்றுவிட்டான்.

கொட்டாஞ்சேனைப்_பேத்தி எழுதியது:

வாசிக்க வாசிக்கப் பொறாமையாக இருக்கிறது. பாறையில் கப்பல், அச்சாணியில் சின்னம். நம் கொழும்பில் ஒன்றை இடித்தால் மண்ணையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

பிறகு யோசித்தேன். நம் ஊரில் பொருளை வைப்பதில்லை, பெயரை வைத்துவிடுகிறார்கள். ஐந்துலாம்புச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவர்களில் எத்தனை பேர் லாம்பைத் தேடி அண்ணாந்து பார்க்கிறார்கள்? காஸ் வேர்க்ஸ் வீதியில் துணி வாங்கப் போகிறோம், அங்கே தெருவிளக்குக்கு வாயு தயாரித்த காலம் ஒன்று இருந்தது. கறுவாத்தோட்டத்தில் கறுவா இல்லை, தூதரகங்கள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் பெரிய பகிடி புளூமெண்டால். ஒல்லாந்தர் மொழியில் பூப் பள்ளத்தாக்கு. அந்தப் பெயரைக் கேட்டால் இன்று நமக்கு ஞாபகம் வருவது குப்பை மேடு.

எங்கள் அம்மப்பா கிராண்ட்பாஸ் ட்ராமில் பள்ளிக்கூடம் போனவர். 1960 இல் ட்ராம் நின்றது. தொண்ணூறு வயதிலும், ஓட்டோவில் அந்தப் பக்கம் போகும்போது, ஓரிடம் வந்தால் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். "என்ன அம்மப்பா?" என்றால், "இங்கே வளைவு" என்பார். ரோடு நேராகத்தான் இருக்கும். ட்ராம் வளைந்த இடம் அவருடைய கையில் இருந்தது.

திருகாணி ஐயா, உங்கள் அளவுகோலில் இது தேறுமா?

திருகாணி எழுதியது:

தேறாது, மகள். யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. ஐந்துலாம்பு என்ற பெயரை எடுத்துவிட்டால் பஸ் நடத்துனர் எதைச் சொல்லிக் கூவுவார்? தேவை இருப்பதால் நிற்கிறது.

உங்கள் அம்மப்பாவின் கையைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை.

சும்மா_வாசகன் எழுதியது:

ஐயா முதல் தடவையாகத் தடுமாறுகிறார். குறித்துக்கொள்ளுங்கள்.

திருகாணி எழுதியது:

தடுமாறியதற்குக் காரணம் இருக்கிறது. நீண்டதாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடைசி எட்டு வருடம் வேலை செய்தது கொழும்பு நகருக்குள் இருந்த சிறிய விளையாட்டு மண்டபம் ஒன்றில். பெயர் வேண்டாம். மூன்று நான்கு இயந்திரங்கள்தான். பிரதானமானது மோதல் கார். பன்னிரண்டு வண்டிகள்.

அது ஓடும் விதம் பலருக்குத் தெரியாது. கூரை முழுக்கக் கம்பிவலை, தரை முழுக்க இரும்புத் தகடு. வண்டியின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் தண்டின் நுனி வலையை உரசிக்கொண்டே வரும். வலையில் இருந்து தண்டு வழியாக மின்சாரம் இறங்கி, மோட்டாருக்குள் புகுந்து, சில்லு வழியாகத் தரைத் தகட்டுக்குப் போனால்தான் சுற்று முடியும். வலையில் அழுக்கு இருந்தால் பொறி பறக்கும். பிள்ளைகள் அதைப் பட்டாசு என்று நினைத்துக் கைதட்டுவார்கள். எங்களுக்கு அது ஏணி தூக்குகிற வேலை. ஒவ்வொரு காலையும் வலையைத் துடைக்க வேண்டும், தகட்டையும் துடைக்க வேண்டும். மூடி இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, அந்தக் கருகிய மணத்தை இன்னும் சட்டையில் தேடுகிறேன்.

பன்னிரண்டில் ஏழாம் இலக்கம் ஒரு சனியன். ஓட்டுபவர் நேராகப் பிடித்தாலும் இடப்பக்கம் இழுக்கும். மணி அடித்து ஓட்டம் முடியும்போது, நேரே போய் வாசலில் இருந்து நான்காவது தூணில் முட்டிக்கொண்டு நிற்கும். வண்டியைச் சுற்றியிருந்த ரப்பர் ஒரு பக்கம் பிய்ந்து போயிருந்தது. ஆகவே தூணின் மூலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்ந்தது. நான் இரண்டு தடவை சீமெந்து பூசினேன். இரண்டு தடவையும் உடைத்தது. மூன்றாவது தடவை விட்டுவிட்டேன்.

மண்டபத்தை மூடியபோது வண்டிகளைக் கார்னிவல்காரர் ஒருவர் வாங்கிப் போனார். வலையை வெட்டி நிறைக்கு விற்றோம். வலையைத் தாங்கிய கொக்கிகளை மட்டும் விட்டுவிட்டோம், உத்திரத்தோடு ஒட்டவைத்தவை, வெட்டினால் செலவு. இப்போது அங்கே தளபாடக் கடை. ஒரு தடவை அந்த வழியால் பஸ்ஸில் போனேன். இறங்கவில்லை.

கடலோர_ரயில் எழுதியது:

ஐயா, உங்கள் அளவுகோலின்படி அந்தக் கொக்கிகள் நினைவுக்குறி அல்ல. தூணின் காயமும் அல்ல. யாரும் மெனக்கெட்டு வைக்கவில்லை.

திருகாணி எழுதியது:

அல்லதான். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கொட்டாஞ்சேனைப்_பேத்தி எழுதியது:

ஐயா, இடம் எது என்று உள்பெட்டியில் அனுப்புங்கள். அம்மாவுக்கு ஒரு அலுமாரி பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்கிறார்.

(நான்கு நாட்களுக்குப் பிறகு)

கொட்டாஞ்சேனைப்_பேத்தி எழுதியது:

போய் வந்தேன். சனிக்கிழமை பின்னேரம், அம்மாவோடு.

கொக்கிகள் இருக்கின்றன. கூரைக்கு வெள்ளை அடித்தபோது அவற்றுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள், அதனால் உடனே கண்ணில் படாது. வரிசைக்கு ஒன்பதாக எண்ணினேன், கழுத்து வலித்ததால் வரிசைகளை எண்ணவில்லை. விற்பனைக்கு வைத்த மின்விளக்குகளை அவற்றில்தான் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒரு கொக்கியில் கண்ணாடிச் சரவிளக்கு, பக்கத்தில் பிரம்பு ஊஞ்சல். ஆக, கொக்கிகள் இப்போது உதிரிப்பாகம் ஆகிவிட்டன, ஐயா. எடுத்துவிட்டால் கடைக்குக் குறையும்.

நான்காவது தூணுக்கு முன்னால் தேக்கு அலுமாரி நிற்கிறது. தூணை மறைக்கத்தான் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். அலுமாரிக்கும் தூணுக்கும் இடையில் ஒரு கை போகும். நான் முழந்தாளிட்டு டோர்ச் அடிப்பதைப் பார்த்த விற்பனையாளர் ஓடி வந்து, "மிஸ், பின்பலகையும் தேக்குத்தான், பயப்படாதீர்கள், தவணை முறையும் இருக்கிறது" என்றார். அம்மா அவரைப் பிடித்து விலை பேசத் தொடங்கினார். அதற்குள் நான் கையை விட்டுவிட்டேன்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே மூலை பெயர்ந்திருக்கிறது. என் நான்கு விரல் அகலம். ஓரங்களில் பெயின்ட் அடுக்கடுக்காக இருக்கிறது: வெள்ளை, அதற்குக் கீழே வெளிர் நீலம், அதற்குக் கீழே பச்சை. உள்ளே, சீமெந்துக் குழியின் அடியில், தூரிகை எட்டாத இடத்தில், வண்டியின் நிறம் தேய்த்த கோடு இன்னும் இருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். படம் எடுத்து உங்கள் உள்பெட்டிக்கு அனுப்பியிருக்கிறேன். நல்ல மஞ்சள்.

திருகாணி எழுதியது:

மகள், படத்தைப் பார்த்தேன். பச்சை நாங்கள் அடித்தது. தூண் அதே தூண்.

மஞ்சளா? நன்றாகப் பார்த்தீர்களா? டோர்ச் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறதா?

கொட்டாஞ்சேனைப்_பேத்தி எழுதியது:

மஞ்சள்தான், ஐயா. நகத்தில் ஒட்டியதை வெளியே வந்து வெயிலில் பார்த்தேன். அம்மாவும் பார்த்தார். ஏன்?

திருகாணி எழுதியது:

ஏழாம் இலக்கம் சிவப்பு. மஞ்சள் நான்காம் இலக்கம்.

எட்டு வருடம் ஏழின் முன்சில்லைத்தான் வாரத்துக்கு ஒரு தடவை கழற்றிப் பூட்டினேன். நான்கை ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை.

சும்மா_வாசகன் எழுதியது:

ஐயா, அந்தக் கார்னிவல்காரரின் தொலைபேசி இலக்கம் இருக்கிறதா?

கொட்டாஞ்சேனைப்_பேத்தி எழுதியது:

அம்மா அந்த அலுமாரிக்கு முற்பணம் கட்டிவிட்டார். வியாழக்கிழமை தூக்குகிறார்கள். தூண் வெளியே தெரியப் போகிறது, ஐயா. பார்ப்பதென்றால் அதற்கு மேலே இன்னொன்றை நிறுத்துவதற்குள் வாருங்கள்.

திருகாணி எழுதியது:

வியாழக்கிழமை எத்தனை மணிக்கு?